நவம்பர் 24, ஏற்காடு: ஃபிரெட்டி மெர்குரி நினைவு நாள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆண்டுதோறும் நவம்பர் 24 அன்று, சேலத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் வாழும் சில நண்பர்களும் அவர்களுடைய குடும்பத்தினரும் ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்து வீட்டில் கூடி, குயீன் இசைக்குழுவின் பாடகர் ஃபிரெட்டி மெர்குரியை நினைவுகூர்கிறோம். வீட்டுப் பெரியவர்கள், உடன் வேலை செய்பவர்கள், முதன்முறையாக வர நினைக்கும் இளைஞர்கள் என எல்லோரும் ஏறத்தாழ ஒரே கேள்விகளையே கேட்கிறார்கள். அவற்றுக்கான பதில்களை இங்கே ஒருசேர எழுதியிருக்கிறோம். எழுதியவன் நான் ஒருவன் என்பதால் சில இடங்களில் ‘நாங்கள்’ என்பது ‘நான்’ என்று மாறியிருக்கிறது.

ஃபிரெட்டி மெர்குரி என்பவர் யார்?

அவருடைய இயற்பெயர் ஃபரோக் பல்சாரா. 1946 செப்டம்பர் 5 அன்று சான்சிபார் தீவில், குஜராத்தைப் பூர்வீகமாகக் கொண்ட பார்சி குடும்பம் ஒன்றில் பிறந்தார். பல்சாரா என்ற குடும்பப் பெயரே இன்று வல்சாட் என்று வழங்கும் பல்சார் ஊரிலிருந்து வந்தது. 1964-இல் சான்சிபாரில் ஏற்பட்ட புரட்சியை அடுத்து அவருடைய குடும்பம் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்து, லண்டனை ஒட்டிய ஃபெல்தம் பகுதியில் குடியமர்ந்தது. 1970-இல் கிதார் கலைஞர் பிரையன் மேயும் டிரம்ஸ் கலைஞர் ராஜர் டெய்லரும் அவரும் சேர்ந்து குயீன் குழுவைத் தொடங்கினார்கள். மறு ஆண்டு பேஸ் கிதார் கலைஞர் ஜான் டீக்கன் வந்து சேர்ந்தார். 1985 ஜூலை 13 அன்று வெம்ப்ளி அரங்கில் நடந்த லைவ் எய்ட் என்ற நிதி திரட்டும் இசை நிகழ்ச்சியில் அவர்கள் மேடையில் நின்றது சுமார் இருபது நிமிடம்தான். அந்த இருபது நிமிடத்தை மட்டும் பார்த்துவிட்டு எங்களோடு சேர்ந்தவர்கள் உண்டு. 1991 நவம்பர் 24 அன்று, 45 வயதில், லண்டனில் தம் வீட்டில் அவர் காலமானார்.

எங்கோ லண்டனில் இறந்த ஒருவருக்குச் சேலத்தில் இருப்பவர்கள் ஏன் துக்கம் கடைப்பிடிக்க வேண்டும்?

இந்தக் கேள்வியை எங்களிடம் மிகுதியாகக் கேட்டவர்கள் எங்கள் பெற்றோர்கள்தான். 2020 செப்டம்பர் 25 அன்று எஸ்.பி. பாலசுப்ரமணியம் மறைந்த செய்தி வந்தபோது என் தாயார் அன்று மாலை அடுப்பு மூட்டவில்லை. அவர் எஸ்.பி.பி.யை ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் ‘அவர் உனக்கு என்ன உறவு’ என்று வீட்டில் எவரும் கேட்கவில்லை. நாற்பது ஆண்டுகளாகச் சமையலறையில் கூடவே இருந்த குரல் நின்றுபோனால் வீடு வெறிச்சோடும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஃபிரெட்டியின் குரலும் எங்களில் பலருக்குப் பதின்மூன்று, பதினான்கு வயதில் வந்து சேர்ந்து, தேர்வுத் தோல்வியிலும் வேலை தேடி அலைந்த நாட்களிலும் தந்தைக்குக் கொள்ளி வைத்து வந்த இரவிலும் கூட இருந்தது. அது ஆங்கிலத்தில் பாடிய குரல் என்பதைத் தவிர வேறு வேறுபாடு எனக்குத் தெரியவில்லை.

வேறுபாடு ஒன்று உண்டென்றால் அது சடங்கில் இருக்கிறது. நம் ஊரில் ஒருவர் இறந்தால் துக்கம் கேட்கப் போவதற்கு ஒரு வீடு இருக்கிறது. வாசலில் நிற்கும் ஆண்களின் கையைத் தொட்டுவிட்டு உள்ளே போகலாம். ஒப்பாரி வைக்கத் தெரிந்த பெண்களோடு உட்கார்ந்து அழலாம். பதினாறாம் நாள் காரியம் இருக்கிறது, ஆண்டுக்கு ஒருமுறை தெவசம் இருக்கிறது. சொல்லத் தெரியாத வேதனைக்கு இந்த ஏற்பாடுகள் எல்லாம் ஒரு படித்துறை போல இருந்து, கால் வழுக்காமல் இறங்கி ஏறச் செய்கின்றன. தொலைவில் இறந்த பாடகரின் ரசிகனுக்கு இவற்றில் ஒன்றும் கிடையாது. போவதற்கு வாசல் இல்லை. விடுப்புக் கேட்டால் காரணம் சொல்ல முடியாது. அழுதால் வீட்டார் பதறுவார்கள். எனவே ஒரு நாளையும் ஓர் இடத்தையும் நாங்களே குறித்துக்கொண்டோம். இந்த நினைவு நாள் தொடங்கியதன் முழுக் காரணமும் இதுதான்.

அதற்கு ஏன் ஏற்காட்டைத் தேர்ந்தெடுத்தீர்கள்?

ஃபிரெட்டி ஒரு மலைப்பள்ளியில் வளர்ந்த பிள்ளை என்பதால். எட்டு வயதில் அவரைப் பெற்றோர் சான்சிபாரிலிருந்து கப்பலேற்றி, மகாராஷ்டிரத்தில் சகியாத்ரி மலைமேல் இருக்கும் பஞ்ச்கனியில் செயின்ட் பீட்டர்ஸ் என்ற விடுதிப் பள்ளிக்கு அனுப்பினார்கள். ஃபரோக் என்ற பெயர் ஃபிரெட்டி ஆனது அந்த விடுதியில்தான். அங்கேதான் முறையாகப் பியானோ கற்றார். சக மாணவர்களோடு சேர்ந்து ‘தி ஹெக்டிக்ஸ்’ என்ற சிறிய குழுவை அமைத்து, பள்ளி விழாக்களில் அக்காலத்து ராக் அண்ட் ரோல் பாடல்களை வாசித்தார். பிறவியிலேயே மேல்தாடையில் நான்கு பற்கள் கூடுதலாக இருந்ததால் முன்பற்கள் துருத்திக்கொண்டிருந்தன. அதைச் சொல்லிப் பிள்ளைகள் கேலி செய்ததும் அங்கேதான். பின்னாளில் பெரும் செல்வம் வந்தபோதும் அந்தப் பற்களை அவர் சீர்செய்துகொள்ளவில்லை. தம் குரலின் வளம் வாயின் அந்த அமைப்பினால் வந்தது என்று நம்பினார், அதைக் கெடுத்துவிடுவோமோ என்று அஞ்சினார்.

ஏற்காடும் விடுதிப் பள்ளிகளின் ஊர். மான்ட்ஃபோர்ட் பள்ளி 1917-இல் தொடங்கியது. அதற்குப் பின் எத்தனையோ தலைமுறைப் பிள்ளைகள் தொலைதூர ஊர்களிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, ஏறும்போதே இரண்டு முறை வாந்தியெடுத்து, தகரப் பெட்டியோடு இந்த மலைக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். நானும் அப்படி வந்தவன்தான், பள்ளியின் பெயர் இங்கே தேவையில்லை. எட்டு வயதுப் பிள்ளை முதல் இரவில் போர்வைக்குள் எப்படி அழும் என்பது எங்களுக்குத் தெரியும். பஞ்ச்கனிக்குப் போய் அந்தப் பள்ளியின் வாயிலில் நிற்க வேண்டும் என்ற ஆசை எங்கள் எல்லோருக்கும் உண்டு. போக முடியாத ஆண்டுகளில், அதே மூடுபனியும் சில்வர் ஓக் மரங்களும் உள்ள இந்த மலை எங்களுக்குப் போதுமானதாக இருக்கிறது.

அந்தச் செய்தி 1991-இல் உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

அப்போது நான் ஏற்காட்டில் ஒன்பதாம் வகுப்பு மாணவன். மேல்வகுப்பு மாணவர் ஒருவர் பள்ளியை விட்டுப் போகும்போது, உறையில்லாத, பேனாவால் பெயரெழுதிய ஒரு கேசட்டை எங்கள் அறையில் விட்டுப் போயிருந்தார். ஒரு பக்கம் முழுவதும் குயீன் பாடல்கள். மறுபக்கம் பாதி அழிந்திருந்தது. எந்த வரிக்கு என்ன பொருள் என்று எங்களுக்குச் சரியாகத் தெரியாது. ஒரே பாட்டுக்குள் மெல்லிய பியானோவும் நாடக மேடையின் கூட்டுக்குரலும் இரைச்சலான கிதாரும் அடுத்தடுத்து வருவதைக் கேட்டு, இதையெல்லாம் ஒரு மனிதன் எண்ணிப் பார்த்திருக்கிறானே என்று வியந்துபோயிருந்தோம்.

அவர் இறந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, லண்டன் நேரப்படி மாலை ஏழு மணிக்குச் சற்று முன்பு. நம் கடிகாரத்தில் அப்போது நள்ளிரவு தாண்டித் திங்கட்கிழமை பிறந்துவிட்டது. (அப்படியானால் நினைவு நாளை 25 அன்று அல்லவா வைக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. இறந்தவர் இருந்த ஊரின் கணக்கையே எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்தோம்.) செவ்வாய்க்கிழமை பிற்பகல் நூலகத்துக்கு வந்த நாளிதழின் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தில் சிறிய படத்தோடு அது வெளியாகியிருந்தது. அன்றிரவு விளக்கணைத்த பிறகு நாங்கள் மூன்று பேர் டூ-இன்-ஒன்னைப் போர்வைக்குள் வைத்து, ஒலியைக் கடைசி அளவுக்குக் குறைத்து அந்தக் கேசட்டைக் கேட்டோம். மறுநாள் ஆசிரியர் ஒருவரிடம், செய்தியில் இருந்த நோயின் பெயரைச் சொல்லி அது என்ன என்று கேட்டேன். அதைப் பற்றிப் பேசக் கூடாது என்று பதில் வந்தது.

அவர் என்ன நோயால் இறந்தார்? கடைசி வரை ஏன் மறைத்தார்?

எய்ட்ஸ் நோயினால் உடலின் எதிர்ப்பாற்றல் குன்றி, மூச்சுக்குழலையும் நுரையீரலையும் தாக்கிய நிமோனியாவால் இறந்தார். ஹெச்.ஐ.வி. தொற்று இருப்பது 1987-இல் அவருக்குத் தெரியவந்தது. குயீன் குழுவோடு அவர் கடைசியாக மேடையேறிப் பாடியது அதற்கு முந்தைய ஆண்டு, 1986 ஆகஸ்ட் 9 அன்று இங்கிலாந்தின் நெப்வொர்த்தில். மேடையை விட்டாலும் பாடுவதை அவர் விடவில்லை. சுவிட்சர்லாந்தின் மான்ட்ரூ நகரில், ஏரிக்கரையில் இருந்த ஒலிப்பதிவுக் கூடத்தில், நிற்கவே இயலாத நிலையிலும், 1991 மே மாதம் வரை பாடிப் பதிவு செய்தார். கடைசியாகப் பதிவான பாடலின் இறுதிப் பகுதியை அவரால் முடிக்க இயலவில்லை. பின்னர் பிரையன் மே அதைப் பாடி முடித்தார். அவர் மறைந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1995-இல் அந்தப் பாடல் வெளியானது. இரண்டு குரல்களும் மாறும் அந்த இடம் வரும்போது எங்கள் கூட்டத்தில் எவரும் பேசுவதில்லை.

மறைத்தது குறித்து எங்களுக்குள்ளேயே இரண்டு கருத்துகள் உண்டு. முன்கூட்டியே சொல்லியிருந்தால் உலகெங்கும் எத்தனையோ நோயாளிகளுக்குத் துணிவு வந்திருக்கும் என்பார் சிலர். என் கருத்து வேறு. அவருடைய வீட்டு வாசலில் செய்தியாளர்கள் கேமராவோடு மாதக்கணக்கில் காத்துக்கிடந்த காலம் அது. நோயுற்றவனைக் குற்றவாளியாக நடத்திய காலம். தம்மைச் சூழ்ந்திருந்தவர்களின் அந்தரங்கத்தைக் காக்கவே இதுவரை சொல்லவில்லை என்றும், இப்போது நண்பர்களும் ரசிகர்களும் உண்மையை அறிய வேண்டிய நேரம் வந்துவிட்டது என்றும், இந்த நோயை எதிர்க்கும் போராட்டத்தில் எல்லோரும் சேர வேண்டும் என்றும் நவம்பர் 23 அன்று ஓர் அறிக்கை வெளியிட்டார். மறுநாளே இறந்தார். சாகும் தறுவாயில் இருந்த மனிதர் தம் நோயின் பெயரைத் தாமே உலகுக்குச் சொல்லிவிட்டுப் போனார் என்பதே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

ஒரு பாடகரின் நினைவு நாளில் எய்ட்ஸ் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறீர்கள்?

சேலத்துக்காரர்கள் இதைப் பேசாமல் அவருக்குத் துக்கம் கொண்டாடுவது முறையாகாது என்று நாங்கள் எண்ணுகிறோம். இந்தியாவில் ஹெச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது நம் மாநிலத்தில்தான். 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில், அவருடைய மாணவி நிர்மலா சேகரித்த இரத்த மாதிரிகள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டபோது அது தெரியவந்தது. அதன் பின் வந்த ஆண்டுகளில் அந்த நோய் மிகுதியாகத் தாக்கிய பகுதிகளில் ஒன்று நாமக்கல். 1997 வரை நாமக்கல்லும் சேலம் மாவட்டத்துக்குள்தான் இருந்தது. நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி ஆகிய ஊர்கள் லாரியால் வாழும் ஊர்கள். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வீட்டை விட்டு நெடுஞ்சாலையில் வாழ்ந்த ஓட்டுநர்களுக்கும் கிளீனர்களுக்கும் நோய் வந்தது. அவர்களிடமிருந்து, ஒன்றும் அறியாத மனைவிமார்களுக்கும் வந்தது.

எங்கள் வீடு சங்ககிரியில். 1997-இல் எங்கள் தெருவில் லாரி ஓட்டுநர் ஒருவர் இறந்தார். சிறுவயதில் என்னைத் தம் லாரியின் முன்னிருக்கையில் உட்காரவைத்து ஊர் எல்லை வரை கூட்டிப்போய் இறக்கிவிடுவார். அண்ணா என்றுதான் அழைப்பேன். மருத்துவமனையிலிருந்து உடல் வீட்டுக்கு வரவில்லை, நேரே சுடுகாட்டுக்குப் போனது. உடலைக் குளிப்பாட்ட ஆள் வரவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். பந்தல் போடவில்லை, பறை அடிக்கவில்லை, ஒப்பாரிக்கு ஒரு பெண்கூட உட்காரவில்லை. அவர் மனைவியான அந்த அக்கா வாசற்படியில் தனியாக உட்கார்ந்திருந்ததை எங்கள் மாடியிலிருந்து பார்த்தேன். தெருவில் என் தந்தை ஒருவர் மட்டும் போய், சிறிது நேரம் நின்றுவிட்டு வந்தார். எனக்கு அப்போது இருபது வயது. என் அறைச் சுவரில் ஃபிரெட்டியின் படம் இருந்தது. அவர் என்ன நோயால் இறந்தார் என்பதும், அது தொடுவதாலோ பக்கத்தில் உட்காருவதாலோ ஒரே குவளையில் தண்ணீர் குடிப்பதாலோ ஒட்டாது என்பதும் எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் நான் போகவில்லை. சில மாதங்களில் அந்த அக்கா குழந்தையோடு ஊரை விட்டுப் போய்விட்டார்.

ஏற்காட்டில் கூடத் தொடங்கிய முதல் ஆண்டிலேயே இதை நண்பர்களிடம் சொன்னேன். அவர்களில் மூன்று பேருக்கு இதே போன்ற ஒரு பெயர் நினைவில் இருந்தது: ஒரு சித்தப்பா, பள்ளியில் உடன் படித்த ஒருவனின் தாய், பக்கத்துக் கடையில் வேலை பார்த்த ஒருவர். அன்றிலிருந்து பாடல்கள் முடிந்த பிறகு, விரும்புகிறவர்கள் அப்படித் துக்கம் கேட்கப்படாமல் போன ஒருவரின் பெயரைச் சொல்வது வழக்கமாயிற்று. லண்டனில் இறந்தவருக்காக ஆயிரக்கணக்கானோர் பூ வைத்தார்கள். நம் தெருவில் இறந்தவருக்கு நாம் போகவில்லை. இரண்டு துக்கமும் ஒரே நோயில் வந்தவை என்பதால் இரண்டையும் ஒரே நாளில் செய்கிறோம்.

பெயரைச் சொன்னால் அந்தக் குடும்பத்துக்குச் சங்கடம் வராதா?

வரக்கூடும், அதனால் ஒழுங்கு ஒன்று வைத்திருக்கிறோம். ஊரையோ உறவையோ சொல்லாமல் முதற்பெயரை மட்டும் சொல்கிறோம். எவரும் குறித்துக்கொள்வதில்லை, பதிவு செய்வதில்லை, கைப்பேசிகள் அப்போது உள்ளறையில் இருக்கும். உயிரோடிருப்பவர் எவரைப் பற்றியும் அங்கே பேசுவதில்லை. ஒருவருக்குத் தொற்று இருப்பதை அவருடைய இசைவின்றி வெளியிடுவதை 2017-ஆம் ஆண்டின் ஹெச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் தடை செய்கிறது.

இன்றும் அந்த நோய் அப்படித்தான் இருக்கிறதா?

இல்லை. பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருத்துவம் 1996-இல் வந்தது. இன்னும் ஐந்து ஆண்டுகள் பிழைத்திருந்தால் ஃபிரெட்டி இன்றும் பாடிக்கொண்டிருந்திருக்கக் கூடும் என்ற எண்ணம் ரசிகர்கள் எவரையும் விடுவதில்லை. இந்தியாவில் 2004 முதல் அரசு இந்த மருந்துகளை விலையின்றி வழங்குகிறது. தவறாமல் மாத்திரை எடுத்துக்கொள்பவர் முழு ஆயுளும் வாழலாம். இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால் உடலுறவின் மூலம் மற்றவருக்கும் பரவாது. அரசு மருத்துவமனைகளில் இருக்கும் நம்பிக்கை மையங்களில் சோதனைக்குக் கட்டணம் இல்லை, விவரமும் வெளியே போகாது. 1097 என்ற எண்ணில் விளக்கம் கேட்கலாம். இந்த எண்ணை ஒரு தாளில் எழுதிக் காப்பிக் களத்துச் சுவரில் ஒட்டிவைக்கிறோம். அதற்கு மேல் அன்று பிரசாரம் எதுவும் செய்வதில்லை.

அவருடைய சமாதி எங்கே இருக்கிறது? ரசிகர்கள் எங்கே போகிறார்கள்?

எங்கே என்பது வெளியே தெரியாது. நவம்பர் 27 அன்று பார்சிகளின் சமயமான ஜரதுஷ்டிர சமயக் குருமார்கள் அவெஸ்தன் என்ற தொன்மையான மொழியில் மந்திரம் ஓத, நெருங்கியவர்கள் மட்டும் சூழ்ந்திருக்க, மேற்கு லண்டனின் கென்சல் கிரீன் பகுதியில் உடல் தகனம் செய்யப்பட்டது. அஸ்தியை அவருடைய நெடுநாள் தோழி மேரி ஆஸ்டினிடம் ஒப்படைத்தார்கள். ஃபிரெட்டி கேட்டுக்கொண்டபடி, அதை வைத்த இடத்தை அவர் எவருக்கும் சொல்லவில்லை. 2013-இல் கென்சல் கிரீன் இடுகாட்டில் ஃபரோக் பல்சாரா என்ற பெயரோடு ஒரு சிறு நினைவுத்தகடு இருப்பதை ரசிகர்கள் கண்டார்கள். செய்தி பரவிய சில நாட்களில் அதுவும் அங்கிருந்து அகற்றப்பட்டுவிட்டது.

அஸ்தியைக் கரைத்துவிட்டால் இறந்தவருக்கென்று ஓர் இடம் இல்லை என்பது நம்மில் பலருக்கும் பழகியதுதான். காவிரியில் கரைத்தவர்கள் நினைவு வரும்போது அந்த இடத்துக்கே போய் நிற்பதில்லை, ஓடும் நீர் எங்கே இருந்தாலும் நிற்கிறார்கள். ஆனாலும் கண்ணால் பார்க்க ஒன்று வேண்டும் என்று விரும்புகிறவர்களுக்காக மான்ட்ரூ ஏரிக்கரையில் 1996-இல் ஒரு வெண்கலச் சிலை எழுப்பப்பட்டது. ஒரு கையை வானோக்கி உயர்த்தியபடி ஏரியைப் பார்த்து நிற்கும் அந்தச் சிலையின் காலடியில் ஆண்டு முழுவதும் பூக்கள் கிடக்கும். செப்டம்பர் தொடக்கத்தில், பிறந்த நாளை ஒட்டி, பல நாடுகளிலிருந்தும் ரசிகர்கள் அங்கே கூடுகிறார்கள். கென்சிங்டனில் அவர் இறந்த வீட்டின் மதிலும் கதவும் பல ஆண்டுகள் ரசிகர்கள் எழுதிய கடிதங்களால் நிறைந்திருந்தன.

அவர் இறந்தபோது அங்கே எப்படித் துக்கம் கொண்டாடினார்கள்?

முதலில் தெருவில். பிறகு பாடலில். 1975-இல் வந்து ஒன்பது வாரம் பிரிட்டன் பட்டியலில் முதலிடத்தில் இருந்த ‘போஹீமியன் ராப்சடி’ டிசம்பரில் மீண்டும் வெளியிடப்பட்டு, மேலும் ஐந்து வாரம் முதலிடத்தில் நின்றது. அதன் வருவாய் எய்ட்ஸ் நோயாளிகளுக்குத் துணை நிற்கும் டெரன்ஸ் ஹிக்கின்ஸ் அறக்கட்டளைக்குப் போனது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 20, ஈஸ்டர் திங்களன்று, லைவ் எய்ட் நடந்த அதே வெம்ப்ளி அரங்கில் ஏறத்தாழ 72,000 பேர் கூடினார்கள். எல்டன் ஜான், ஜார்ஜ் மைக்கேல், அன்னி லெனாக்ஸ், லைசா மினெல்லி, மெட்டாலிகா குழுவினர் என வெவ்வேறு திசைகளில் நின்ற கலைஞர்கள் எல்லாரும் பாடினார்கள். டேவிட் போவி பாடி முடித்ததும் மேடையில் மண்டியிட்டு, நோயுற்ற ஒரு நண்பருக்காகக் கிறிஸ்தவ இறைவேண்டல் ஒன்றைச் சொன்னார்; அந்தப் பெருங்கூட்டம் அப்படியே அடங்கிப்போனது. எலிசபெத் டெய்லர் எய்ட்ஸ் பற்றி நேருக்கு நேராகப் பேசினார். அந்த நிகழ்ச்சியின் வருவாயைக் கொண்டுதான் மெர்குரி ஃபீனிக்ஸ் அறக்கட்டளை தொடங்கியது. பல நாடுகளில் எய்ட்ஸ் தடுப்புப் பணிகளுக்கு அது இன்றும் உதவுகிறது. கதறவும் பாடவும் கொடுக்கவும் ஒரே மேடையில் இடம் வைத்த அந்த ஒரு நாளைப் பார்த்தே நாங்களும் எங்கள் நாளை அமைத்துக்கொண்டோம்.

அவர் ஆண்களை நேசித்தவர் என்கிறார்களே, பிள்ளைகளை அழைத்து வரலாமா?

அழைத்து வாருங்கள். மேரி ஆஸ்டினை அவர் நேசித்தார், பிரிந்த பின்னும் கடைசி வரை அவரையே தம் மிக நெருங்கிய உறவாகக் கருதினார்; பிற்காலத்தில் ஜிம் ஹட்டன் என்பவரோடு வாழ்ந்தார், நோயின் இறுதி நாள் வரை அவரைக் கவனித்துக்கொண்டவர்களில் ஹட்டனும் ஒருவர். பிள்ளைகள் கேட்டால் இதை இப்படியே சொல்கிறோம். 2018 செப்டம்பர் 6 அன்று, வயதுவந்த இருவர் மனமொப்பி நேசிப்பதைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவின் பகுதியை உச்ச நீதிமன்றம் நீக்கியது. அதற்கு முந்தைய நாள் ஃபிரெட்டியின் பிறந்த நாள். அந்த ஆண்டு நவம்பரில், எங்களோடு பல ஆண்டுகளாக வந்துகொண்டிருந்த ஒரு தம்பி தன் துணைவரை முதன்முறையாக அழைத்து வந்தான்.

திரைப்படத்தில் காட்டியதெல்லாம் உண்மையா?

2018-இல் வந்த ‘போஹீமியன் ராப்சடி’ திரைப்படத்தின் மூலமாக அவரை அறிந்தவர்கள் எங்களிடம் பலர் இருக்கிறார்கள். அதற்கு நன்றி உண்டு. லைவ் எய்டுக்கு முன்பே தம் நோயைக் குழுவினரிடம் சொல்வதாக வரும் காட்சி கால வரிசைக்குப் பொருந்தாது. லைவ் எய்ட் நடந்தது 1985, நோய் தெரியவந்தது 1987.

குயீன் குழு இன்னொரு பாடகரோடு தொடர்ந்து பாடுவது அவரை மறப்பதாகாதா?

நாங்கள் அப்படி நினைக்கவில்லை. ஜான் டீக்கன் 1997-க்குப் பின் மேடையேறுவதை விட்டுவிட்டார். பிரையன் மேயும் ராஜர் டெய்லரும் ஆடம் லாம்பர்ட்டோடு பாடுகிறார்கள். ஒதுங்கியவரின் துக்கமும் தொடர்ந்து பாடுபவர்களின் துக்கமும் இரண்டு விதம், இரண்டும் மெய்தான்.

இத்தனை ஆண்டுகள் கழித்தும் துக்கம் தீரவில்லையா?

முதல் ஆண்டுகளில் இருந்த துக்கம் வேறு. இப்போது எங்களில் பெரும்பாலோர் அவர் இறந்த வயதைத் தாண்டிவிட்டோம். பதினான்கு வயதில் எங்களுக்குப் பெரியவராகத் தெரிந்தவர் இப்போது தம்பி வயதில் நிற்கிறார். 45 எவ்வளவு குறைந்த வயது என்பது நாற்பத்தாறாவது பிறந்த நாளன்றுதான் எனக்கு உறைத்தது. அவருடைய தாயார் ஜெர் பல்சாரா மகனுக்குப் பின் ஏறத்தாழ 25 ஆண்டுகள் வாழ்ந்து, 2016-இல் தம் 94-ஆம் வயதில் மறைந்தார். பிள்ளை பெற்றவர்களான பிறகு, நவம்பர் 24 அன்று எங்களுக்கு அந்த அம்மாவின் நினைவும் சேர்ந்து வருகிறது. எட்டு வயதுப் பிள்ளையைக் கப்பலேற்றி மலைப்பள்ளிக்கு அனுப்பியவர் அவர்.

ஆங்கிலம் தெரியாது, பாடல்களும் தெரியாது. வரலாமா?

தாராளமாக வரலாம். தோட்டத்தில் காப்பிப் பழம் பறிக்கும் பெண்கள் சிலர் வேலை முடிந்து எங்களோடு உட்காருவதுண்டு. ஒருமுறை அவர்களில் மூத்தவர் ஒருவர், பாடல் முடிந்ததும், ‘இந்தப் பையன் யாரையோ கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்க்கிறான்’ என்றார். அந்தப் பாடலில் அவர் தம் தாயைத்தான் அழைக்கிறார்.

எப்போது வர வேண்டும், என்ன கொண்டு வர வேண்டும்?

பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கி, இருட்டியதும் முடிப்போம். மாலையில் கீழே சேலம் விளக்கு விளக்காக ஒளிர்வது களத்திலிருந்தே தெரியும். பெயர் சொல்வது அந்த நேரத்தில்தான். படத்துக்கு மாலை போடுவதில்லை, பூசை இல்லை, மது இல்லை, பணம் வசூலிப்பதில்லை. நவம்பர் வடகிழக்குப் பருவமழைக் காலம் என்பதால் குடையும் கம்பளிச் சட்டையும் அவசியம் வேண்டும். மழை வலுத்தால் காப்பி மூட்டைகள் அடுக்கியிருக்கும் கிடங்குக்குள் உட்காருவோம். வண்டியில் வருபவர்கள் மூடுபனி இறங்குவதற்கு முன் மலையை விட்டு இறங்கப் பாருங்கள், இல்லையென்றால் இரவு தங்கிக் காலையில் போங்கள். கேட்க விரும்பும் பாடல் ஒன்றைத் தேர்ந்துகொண்டு வாருங்கள். சொல்வதற்குப் பெயர் இருந்தால் அதைத் தாளில் எழுதி வர வேண்டாம். மனதில் வைத்துக்கொண்டு வந்தால் போதும்.